பட்டியலில் இல்லாத பாட்டி

பென்சில்வேனியாவில் எந்தத் தெருவுக்குப் போனாலும், ஜெர்மனியிலிருந்து வந்த விவசாயி ஒருவரைத் தம் முப்பாட்டனார் என்று சொல்லிக் கொள்பவர் இருப்பார்! அவரைக் கண்டுபிடிப்பதும் அவ்வளவு சிரமமில்லை. 1727 முதல், பிலடெல்பியாவில் வந்திறங்கிய 16 வயதுக்கு மேற்பட்ட ஜெர்மானிய ஆண்கள், பிரிட்டிஷ் அரசருக்கு விசுவாசமாக இருப்போம் என்று கையெழுத்திட வேண்டியிருந்தது. அந்தப் பட்டியல்கள் 1934-ல் புத்தகமாகவே வந்துவிட்டன.

ஆனால் முப்பாட்டி? பெண்கள் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. ரைன் நதிக்கரையை விட்டு, ராட்டர்டாமில் கப்பலேறி, கைக்குழந்தையோடு வாரக்கணக்கில் கடலில் தவித்தவளின் பெயர் பெரும்பாலும் அதில் கிடையாது. 1750-ல் அப்படிப் பயணம் செய்த மிட்டல்பெர்கர் என்பவர், ஒன்று முதல் ஏழு வயதுக் குழந்தைகள் உயிரோடு கரை சேர்வது அபூர்வம் என்று எழுதியிருக்கிறார். படித்தபோது பெற்ற வயிறு பதறியது எனக்கு.

லான்காஸ்டரில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, பக்கத்து வீட்டு அம்மாளின் தேடலில் நானும் சேர்ந்து கொண்டேன். வயது எண்பதுக்கு மேல். "தாத்தா கிடைச்சுட்டார். அந்தப் பாட்டி யார் வீட்டுப் பொண்ணுன்னு தெரிஞ்சுக்காம நான் கண்ணை மூடக் கூடாது" என்பார்.

முதலில் பெயர்க் குழப்பம். ஆங்கிலேய எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதியதில் முல்லர் மில்லர் ஆனார். தச்சர் என்று பொருள்படும் சிம்மர்மன், மொழிபெயர்ப்பில் கார்ப்பென்டரே ஆகிவிட்டார்! எங்கள் விவசாயியோ எழுதத் தெரியாமல் வெறும் கீறல் போட்டிருந்தார்.

அடுத்து அவருடைய உயில். மனைவிக்கு ஓர் அறை, ஒரு பசு, விறகு, ஆண்டுதோறும் கோதுமை, எல்லாம் மூத்த மகன் தர வேண்டும். அதுவும் அவள் மறுமணம் செய்யாதவரை! பசுவைப் பற்றி இத்தனை விவரம் எழுதியவர், மனைவியின் பிறந்த வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை.

கடைசியில் கை கொடுத்தது ஞானஸ்நானப் பத்திரம். பறவையும் துலிப் பூவும் வரைந்து, வண்ணம் தீட்டிய காகிதம் அது. அந்த ஜெர்மானியக் குடும்பங்கள் அதைப் பைபிளுக்குள் மடித்து வைப்பார்கள்; மரப்பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டியும் வைப்பார்கள். தாயின் பிறந்த வீட்டுப் பெயரையும் அதில் எழுதுவது வழக்கம். உறவினர் வீட்டுப் பழைய பெட்டி ஒன்றில், அந்த விவசாயியின் இரண்டாவது மகளுடைய பத்திரம் அப்படியே ஒட்டியிருந்தது!

ஞானத் தந்தையாக நின்றவருக்கும் அதே குடும்பப் பெயர். "இதிலென்ன சந்தேகம்? தாய்மாமன்தான்!" என்றேன். அவருடைய உயிலைத் தேடிப் பார்த்தோம். "என் தங்கை" என்று இவளைக் குறிப்பிட்டிருந்தார். அம்மாள் என் கையைப் பிடித்துக் கொண்டு வெகுநேரம் பேசவில்லை.

வம்சத்தைத் தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆண்களின் பெயர் துறைமுகத்திலும் கோர்ட்டிலும் கிடைக்கும். பழைய பெட்டியை விலைக்குப் போடும் முன், மூடியை ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.