மோட்டார் மேடை

ஞாயிறு காலை பத்து மணி. பெரும்பாக்கத்தில் நண்பரைப் பார்க்க வந்தவன், அவர் குளித்து வரட்டும் என்று முதல் மாடி வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறேன். எதிர் வீட்டுக் கதவு விரியத் திறந்திருக்கிறது. 850 சதுர அடி, இரண்டு படுக்கையறை. விலைக்கு வந்திருக்கும் வீடு. உள்ளே வாடகைக்கு இருப்பவர்களின் ஞாயிறு போட்டது போட்டபடி கிடக்கிறது: அடுப்பில் இட்லிப் பானை, கொடியில் பள்ளிச் சீருடை, தரையில் குப்புறப் படுத்து வீட்டுப்பாடம் எழுதும் பையன்.

தரகர் முதலில் நுழைகிறார். பின்னால் ஓய்வு பெற்ற பெரியவர், கையில் டைரி. செல்பேசித் திரையில் வெளிநாட்டு மகன். கடைசியாகப் பெரியவரின் மனைவி. அந்த அம்மாள் மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகிறார்.

பையன் காலை மடக்கி வழி விடுகிறான். அவன் அம்மா சமையலறை வாசலில் முந்தானையை இழுத்துச் செருகியபடி நிற்கிறாள். தரகர் அவளைத் தாண்டிக் கை நீட்டி, "கிச்சன் கிழக்குப் பார்த்தது சார்" என்கிறார்.

பெரியவர் நடுக்கூடத்திலேயே நின்று கணக்குப் போடுகிறார். 60 லட்சம். பத்திரச் செலவு 9 விழுக்காடு, 5 லட்சத்து 40 ஆயிரம். 45 லட்சம் கடன், எட்டரை வட்டி, 20 வருஷம் என்றால் தவணை 39,000. "வாடகை எவ்வளவு வருது?"

"இப்போ 18 சார். இவங்க பழைய ஆளு. தாராளமா 22 கேக்கலாம்."

அவளுக்குக் கேட்கும் தூரத்தில்தான் சொன்னார். இட்லிப் பானையைத் திறந்து பார்த்து மூடினாள்.

22 வந்தாலும் மாதம் 17,000 கைக்காசு போட வேண்டும். வீடு ஒரு மாதம் பூட்டிக் கிடந்தால், சுண்ணாம்பு அடித்தால், இன்னும் போகும். பெரியவருக்கும் தெரிகிறது, பேனா நிற்கிறது. "வாடகையை விடுங்கப்பா, ரெண்டு வருஷத்துல ரேட் ஏறிடும்" என்கிறது திரை. ஏறும் என்ற ஒரு சொல்லை நம்பித்தான் இந்தப் பக்கம் இத்தனை வீடுகள் கைமாறுகின்றன. பட்டா, மூலப் பத்திரம், முப்பது வருஷத்து வில்லங்கச் சான்று, பிரிவுபடாத பங்கு எல்லாவற்றையும் பெரியவர் முறையாகக் கேட்டார். நிலம் எப்படிப்பட்டது என்று கேட்கவில்லை. தென்சென்னையின் ஏரிகள் பலவும் நிரம்பி வழிந்தால் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குத்தான் தண்ணீர் வரும்; ஒக்கியம் மடுவு வழியாகத்தான் அது கடலைத் தேடிப் போக வேண்டும். 2022-இல் ராம்சர் என்னும் பன்னாட்டு ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த அந்தச் சதுப்பின் ஓரத்தில்தான் இந்த ஊர் இருக்கிறது.

அம்மாள் கட்டிலுக்குப் பின்சுவரைத் தொட்டுப் பார்த்தார். குழாயைத் திறந்து மூடினார். பிறகு அவளிடம் வந்தார்.

"ஏம்மா, மழைக்குத் தண்ணி நிக்குமா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லைம்மா" என்றார் தரகர்.

அம்மாள் அவர் பக்கம் திரும்பவில்லை. பார்வை அவள் முகத்திலேயே இருந்தது. அவளுடைய முன்பணம் வீட்டுக்காரரிடம் இருக்கிறது. 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. இங்கே வேறு ஒப்பந்தம்தான் வழக்கம். அந்தப் பணம் கைக்கு வரும்வரை குடியிருப்பவர்கள் வாயைத் திறப்பதில்லை.

அவள் திறந்தாள்.

"மேல வராதும்மா. 2023 டிசம்பர் புயல்ல கீழ் வீட்டுக்காரங்க மூணு நாள் எங்களோடதான் இருந்தாங்க."

தரகர் செல்பேசியைப் பார்த்தார். திரைக்குள் மகன் ஏதோ சொன்னான். பெரியவர் டைரியை மூடினார். "வரோம்மா" என்று அம்மாள் மட்டும் சொல்லிக்கொண்டு செருப்பை மாட்டினார்.

வராந்தாவிலிருந்து கீழே பார்க்கிறேன். வண்டி நிறுத்தும் இடத்தில் புதிதாகக் கட்டிய சிமென்ட் மேடை; அதன் மேல் தண்ணீர் மோட்டார். அம்மாள் அதன் அருகே நின்று பார்க்கிறார், கணவரின் சட்டைக் கையைத் தொடுகிறார். "இன்னொரு பார்ட்டி மதியம் வர்றாங்க சார்" என்கிறார் தரகர்.

பெரியவர் டைரியை அந்த மேடையிலேயே வைத்துத் தேதி எழுதினார். டோக்கன் 50,000 ரூபாயைச் செல்பேசியில் அங்கேயே அனுப்பினார். மேடை அம்மாளின் இடுப்பளவு உயரம் இருந்தது.