சீன வலையும் இடியாப்பமும்

ஓர் ஊரை அறிய விரும்புவோர் அதன் தெருக்களைக் காலால் அளக்க வேண்டும். அவ்வூரார் உண்ணும் இடத்தில் அமர்ந்து உண்ண வேண்டும். கொச்சியில் பயிலும் தமிழ் மாணவர்களாகிய நாமோ விடுதி, ஆய்வுக்கூடம், ரயில் நிலையம் என்ற மூன்றுக்குள் இரண்டாண்டுகளைக் கழித்துவிட்டுப் பட்டத்தோடு திரும்பிவிடுகிறோம். காயலுக்கு அப்பால் இருக்கும் மட்டாஞ்சேரியை நம்மில் எத்தனை பேர் நடந்து பார்த்திருக்கிறோம்?

சென்ற தைத் திங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அங்குச் சென்றேன். உடன் வந்தவர் தென்காசிப் பக்கத்து முதலாண்டு மாணவர் ஒருவர். முன்னாள் இரவு அவர் என் அறைக்கு வந்து, "மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு ஊருக்கே போய்விடப் போகிறேன், அண்ணா" என்றார். யாரோ சிலர் அவரைப் "பாண்டி" என்று கூப்பிட்டு நகைத்தார்களாம். பாண்டிய நாட்டாரைக் குறிக்கும் பழம்பெயர்தான் அது. ஆயினும் ஏளனமாகச் சொன்னால் நல்ல பெயரும் தைக்கத்தானே செய்யும்? "காலையில் என்னோடு நடக்க வா, தம்பி. பிறகு முடிவு செய்வோம்" என்றேன்.

மட்டாஞ்சேரியில் பேருந்தைவிட்டு இறங்கியதும் ஒரு சிறு சாயாக்கடையில் இடியாப்பமும் முட்டைக்கறியும் உண்டோம். ஆவி பறக்கும் வெண்ணிற இழைகள். "நம் வீட்டு இடியாப்பமேதான்!" என்றார் தம்பி. கடைக்காரர் மாவு பிழியும் உரலைச் சேவநாழி என்றார். முட்டைக்கறி கொதித்த இருப்புச் சட்டியைச் சீனச்சட்டி என்றார்.

வேதியியல் மாணவன் இடியாப்பத்தைச் சும்மா உண்ண முடியுமா? கோதுமை மாவில் உள்ள புரதங்கள் நீரோடு சேர்ந்து குளூட்டன் என்னும் நெகிழும் வலையாகின்றன. அதனால் வடசீனத்தார் மாவைக் கையாலேயே இழுத்து நூல்நூலாக நீட்டுகின்றனர். அரிசியில் அவ்வலை இல்லை. எனவே கொதிநீர் ஊற்றி மாவுச்சத்தில் ஒரு பகுதியைப் பசையாக்கிப் பிசைந்து, துளைகள் வழியே பிழிய வேண்டும். தென்சீனத்தில் யுன்னான் மக்களும் தம் அரிசி நூலை அவ்வாறே பிழிகின்றனர். இதில் யார் யாருக்குக் குரு? இருவருக்கும் அரிசியே குரு என்பது என் கருத்து.

அடுத்து 1568-இல் கட்டப்பட்ட பரதேசி யூதர் ஆலயத்துக்குள் நுழைந்தோம். தளம் முழுவதும் வெள்ளையில் நீலம் தீட்டிய சீன ஓடுகள். பதினெட்டாம் நூற்றாண்டில் கப்பலேறி வந்தவை. ஒவ்வொன்றும் கையால் தீட்டப்பட்டது. சீனத்தில் சுட்ட ஓட்டின்மேல், மலையாள நாட்டில், எபிரேய வழிபாடு! தம்பி குனிந்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்னர்ப் பஜார் சாலை வழியாக வடக்கே நடந்தோம். ஞாயிறாதலால் கிடங்குகள் பல மூடிக் கிடந்தன. ஆனால் மிளகும் சுக்கும் மணப்பதற்கு விடுமுறை ஏது? இந்த மிளகைத் தேடித்தான் சீனக் கப்பல்கள் கொச்சிக்கு வந்தன. 1413-இல் புறப்பட்ட செங் ஹோவின் கப்பற்படையில் மொழிபெயர்ப்பாளராக வந்த மா ஹுவான், மிளகை வாங்கிக் குவித்து அயல்நாட்டுக் கப்பல்களுக்கு விற்ற செட்டிகளைப் பற்றி எழுதியிருக்கிறார்.

கோட்டைக் கொச்சிக் கடற்கரையில் சீன வலைகள் வரிசையாய் நிற்கின்றன. நீண்ட மரக்கைகளில் விரிந்த வலை ஒருபுறம். கயிற்றில் கோத்த பாறாங்கற்கள் மறுபுறம். நான்கைந்து பேர் கயிற்றைப் பிடித்து இழுத்தால் அத்தனை பெரிய வலையும் மெல்ல எழுகிறது. நெம்புகோல் தத்துவத்துக்கு இதைவிட நல்ல பாடம் வேண்டுமோ? சீனரே தந்தனர் என்பது ஊரார் வழக்கு. மக்காவிலிருந்து போர்த்துகீசியர் கொண்டுவந்தனர் என்பாரும் உளர்.

"தம்பி, இதற்குச் சீன வலை என்று பெயர். இதைச் சீனத்துக்கே திருப்பி அனுப்பு என்று இங்கே யாரேனும் சொல்கிறார்களா?" என்று கேட்டேன்.

"வலைக்கு மனம் இல்லை, அண்ணா. எனக்கு இருக்கிறதே" என்றார் அவர். அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை.

மாலையில் வெளி என்னும் பகுதிக்குச் சென்றோம். டச்சுக்காரர் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட வண்ணார் மக்களின் வழிவந்தோர் அங்கே வாழ்கின்றனர். அவர்களுடைய சலவைக்கூடமும் அங்கேதான். கொடிகளில் வெள்ளைத் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. உள்ளே முதியவர் ஒருவர் கனத்த இஸ்திரிப் பெட்டியைத் தள்ளிக்கொண்டிருந்தார். எங்கள் பேச்சைக் கேட்டதும் நிமிர்ந்தார்.

"எந்த ஊரு தம்பி?"

"தென்காசிப் பக்கம், தாத்தா. உங்களுக்கு?"

"எனக்கு இந்த ஊருதான். பேச்சு தமிழு, ஊரு கொச்சி."

"உங்களைப் பாண்டின்னு கூப்பிட மாட்டாங்களா?"

முதியவர் சிரித்தார். "கூப்பிடுவாங்க. கூப்பிட்டவங்களோட கல்யாணச் சட்டையும் நம்ம கையிலதான் வரும்." அதற்குமேல் ஒன்றும் சொல்லாமல் அடுத்த சட்டையை எடுத்து விரித்தார்.

நான் நாள் முழுவதும் தேடியும் கிடைக்காத மறுமொழி அதுவே. வந்தேறிய பொருளுக்கும் மனிதனுக்கும் பிறந்த இடத்தின் பெயர் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். அதை அழிக்க வேண்டியதில்லை, அஞ்சவும் வேண்டியதில்லை. நாள்தோறும் செய்யும் தொழிலால் ஊர் நமக்கு உரியதாகிறது. வலை மீன் தருகிறது, சட்டி சோறு தருகிறது, முதியவர் வெளுத்துத் தருகிறார். நாம் இவ்வூருக்கு என்ன தரப்போகிறோம் என்பதே நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

தம்பி சான்றிதழுக்கு விண்ணப்பம் எழுதினாரா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. ஆனால் மறு ஞாயிறு அவரே என் கதவைத் தட்டினார். உடன் அவருடைய அறைத்தோழர், கோழிக்கோட்டு மாணவர் ஒருவர், நின்றார். "இவருக்கும் இடியாப்பம் வேண்டுமாம், அண்ணா. எங்கள் ஊரில் அதற்கு நூல்புட்டு என்று பெயர் என்கிறார்" என்றார்.

மூவரும் புறப்பட்டோம்.