அரங்கும் அவையும்

கலைஞன் உள்ளத்தில் அரும்பும் புதுமை ஒருபுறம். காண வருவோரின் விருப்பம் மற்றொருபுறம். இவ்விரண்டிற்கும் இடையில் நிற்பது நாடக மேடை. ஒன்றை மட்டும் போற்றினால் வயிறு காயும். மற்றொன்றை மட்டும் போற்றினால் கலை தேயும்.

இன்று அரியலூர் மாவட்டத்தில் உள்ள கங்கைகொண்ட சோழபுரம் முன்னாளில் சோழப் பேரரசின் தலைநகராய் விளங்கியது. அதனைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட இரண்டாம் இராசேந்திரன் காலத்தில், தஞ்சைப் பெரிய கோயிலில் வைகாசித் திருவிழாவின்போது ‘இராசராசேசுவர நாடகம்’ நடிக்கப்பெற்றது. நடித்தோர்க்கு ஆண்டுதோறும் 120 கலம் நெல் அளிக்க அரசன் ஆணையிட்டான் என்பது கல்வெட்டுக் கூறும் செய்தி. நெல் உறுதியாய்க் கிடைத்தமையால், கூட்டம் குறையுமோ என்று கூத்தர் கலங்க வேண்டியதில்லை.

பிற்காலத்தில் அந்நிலை மாறிற்று. கொட்டகை அமைத்து நுழைவுச்சீட்டு விற்கும் நாடகக் குழுக்கள் தோன்றின. அன்றைய வசூலே அன்றைய சோறு. அவையோர் ‘ஒன்ஸ்மோர்’ என்று கூவினால், கதையை நிறுத்திவிட்டு நடிகர் மீண்டும் பாடவேண்டும். இச்சூழலில் தோன்றியவர் சங்கரதாசு சுவாமிகள் (1867–1922). மக்கள் விரும்பிய பாட்டை அவர் விலக்கவில்லை. அதற்கு ஒழுங்கு தந்தார். பாடலும் உரையாடலும் வரையறுத்த நாடகங்களை எழுதினார். 1918ஆம் ஆண்டு மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவிச் சிறுவர்களைப் பயிற்றினார்.

பம்மல் சம்பந்த முதலியார் வேறு வழி கண்டார். 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்து, பாட்டைக் குறைத்து உரைநடைக்கு முதன்மை தந்தார். அவர் வழக்குரைஞர், மேடையை நம்பி வாழவேண்டிய நிலை அவருக்கு இல்லை. ஆதலின் அத்துணிவு எளிதாயிற்று. 1959இல் அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கப்பெற்றது.

மேடையையே வாழ்வாகக் கொண்டோர் புதுமை செய்வது அரிதினும் அரிது. அதனைச் செய்து காட்டியவர் டி. கே. எஸ். சகோதரர்கள். சுவாமிகளிடம் இசை நாடகம் பயின்ற அவர்கள், பாட்டைக் கைவிடவும் இல்லை. அதிலேயே நின்றுவிடவும் இல்லை. ‘மேனகா’ போன்ற சமூக நாடகங்களையும் நடித்து, அவையைப் படிப்படியாகப் புதிய சுவைக்குப் பழக்கினர். அரு. இராமநாதன் எழுதிய ‘இராசராச சோழன்’ நாடகத்தையும் மேடையேற்றினர். முன்பு அரசன் அளந்த நெல்லால் நடைபெற்ற இராசராசன் பெயர் கொண்ட நாடகம், இப்போது மக்கள் கொடுத்த காசால் நடைபெற்றது! சகோதரருள் ஒருவரான டி. கே. சண்முகம் 1971இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

விருது வாழ்வில் ஒருநாள் வரும். பசியோ நாள்தோறும் வரும். ஆகவே, கலையை வாழவைக்கும் பொறுப்பு அரசுக்கு மட்டும் உரியதன்று. பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிச் சிற்றூர்த் திருவிழாவில் மேடைக்கு எதிரே மணலில் அமர்ந்திருப்பவருக்கும் அப்பொறுப்பு உண்டு. பழகிய பாட்டுக்குக் கைதட்டுவது இயல்பு. பழகாத புதுமையைப் பொறுமையுடன் கேட்டுப் பார்ப்பது பண்பு. அப்பண்பு அவையில் வளர்ந்தால், அரங்கில் துணிவு தானே வளரும்.