தோல்விக்குத் தோள் கொடுப்பவர் யார்?



திருவண்ணாமலையில் செங்கம் சாலை வழியே ஒருமுறையேனும் சென்றவர்களுக்கு ரமணாசிரமப் பகுதியை நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மலையின் அடிவாரம், மயில்கள் உலவும் ஆசிரமம், எதிரே ஆட்டோக்கள், பழக்கடைகள், தேநீர்க் கடைகள். உலகின் பல நாடுகளிலிருந்தும் அமைதியைத் தேடி மக்கள் வருகின்ற இந்தப் பகுதியில், அமைதி சிறிதும் இல்லாத ஓரிடம் உண்டென்றால், அது கிரிக்கெட்டில் இந்தியா தோற்ற மறுநாள் காலையின் தேநீர்க் கடைதான்.

ஃபஜ்ருத் தொழுகைக்குப் பின், பாடம் தொடங்குவதற்கு முன், அத்தகைய கடையொன்றில் தேநீர் அருந்துவது என் நெடுநாள் வழக்கம். 2019ஆம் ஆண்டு ஜூலை 11ஆம் நாள் காலையும் அவ்வாறே சென்றேன். பெஞ்சில் இடமில்லை. ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் என்னைக் கண்டதும், "பாய், நீங்களே நியாயம் சொல்லுங்க. தோனியை ஏழாவது ஆளா அனுப்பினாங்களே, அது அடுக்குமா?" என்று கேட்டார்.

அதற்கு முந்தைய நாள் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் நடந்ததை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். உலகக் கோப்பை அரையிறுதி. மழையால் இரண்டு நாட்கள் நீண்ட ஆட்டத்தில் நியூசிலாந்து 239 ரன்கள் எடுத்தது. இந்தியா ஆடத் தொடங்கியதும் ரோஹித் சர்மா, விராட் கோலி, ராகுல் ஆகிய மூவரும் ஆளுக்கு ஒரு ரன்னில் வெளியேறினர். ஐந்து ரன்களுக்கு மூன்று விக்கெட்டுகள் போய்விட்டன. அத்தகைய நெருக்கடியில் அனுபவம் மிக்க தோனி வருவார் என்று நாடே எதிர்பார்த்தது. வரவில்லை. நம் தமிழகத்துத் தினேஷ் கார்த்திக் வந்தார். அவருக்குப் பின் ஹர்திக் பாண்டியா வந்தார். ஐந்தாவது விக்கெட்டும் 71 ரன்களில் வீழ்ந்த பிறகுதான் தோனி களம் இறங்கினார். ஜடேஜா 59 பந்துகளில் 77 ரன்கள் குவித்தார். தோனி 72 பந்துகளில் 50 ரன்கள் எடுத்து, கப்டில் எறிந்த பந்தில் ரன் அவுட் ஆனார். இந்தியா 221 ரன்களில் முடிந்தது. பதினெட்டு ரன்களில் தோல்வி. தோனி இந்தியாவுக்காக ஆடிய கடைசி ஆட்டமும் அதுவே ஆயிற்று.

கடையில் இரண்டு கட்சிகள் உருவாகின. "முன்னதாகவே அனுப்பியிருந்தால் இளைஞர்களைப் பக்குவமாக வழிநடத்தி இருப்பார். பதுக்கி வைத்துக் கெடுத்தார்கள்" என்றது ஒரு கட்சி. "அவரும் தொடக்கத்திலேயே வெளியேறியிருந்தால் கடைசியில் ஜடேஜாவுக்குத் துணை யார்?" என்று கேட்டது மறு கட்சி. பத்து நாட்களுக்கு முன், ஜூன் 30 அன்று, பர்மிங்காமில் இங்கிலாந்திடம் தோற்ற ஆட்டத்தையும் இழுத்து வந்தார்கள். அதில் கடைசி 31 பந்துகளில் 71 ரன்கள் தேவைப்பட்டன. தோனியும் கேதார் ஜாதவும் 39 ரன்களே எடுத்தனர். ஐந்து விக்கெட்டுகள் கையில் மிச்சமிருக்க, இந்தியா 31 ரன்களில் தோற்றது. "விக்கெட்டை வீட்டுக்கு எடுத்துப் போய் என்ன செய்வது?" என்று ஒருவர் கேட்டபோது கடையே சிரித்தது.

நானும் சும்மா இருக்கவில்லை. "பயந்தவன் பயிற்சியாளன் ஆகக் கூடாது" என்றேன். எல்லோரும் தலையசைத்தார்கள். நல்ல வாக்கியம் சொல்லிவிட்ட மகிழ்ச்சியோடு மதரஸாவுக்குத் திரும்பினேன். அந்த வாக்கியம் பின்னொரு நாள் என்னையே தேடி வரும் என்று அன்று நினைக்கவில்லை.

இவ்விடத்தில் இன்னொரு தோல்வியையும் நினைவுகூர வேண்டும். 1999ஆம் ஆண்டு ஜனவரி 31, ஞாயிற்றுக்கிழமை. நான் அப்போது கல்லூரி மாணவன். சென்னை சேப்பாக்கத்தில் பாகிஸ்தானுக்கு எதிரான டெஸ்ட் போட்டி. அண்டை வீட்டுத் தொலைக்காட்சிக்கு முன் தெருவே கூடியிருந்தது. வெற்றிக்கு 271 ரன்கள் தேவை. 82 ரன்களுக்கு ஐந்து விக்கெட்டுகள் வீழ்ந்த பின், சச்சின் டெண்டுல்கர் முதுகுவலியைப் பொறுத்துக்கொண்டு, நயன் மோங்கியாவின் துணையோடு அணியைக் கரைக்கு அருகில் கொண்டு வந்தார். இன்னும் 17 ரன்களே தேவை என்ற நிலையில், 136 ரன்கள் எடுத்திருந்த அவர், சக்லைன் முஷ்டாக்கின் பந்தைத் தூக்கி அடிக்க முயன்று வாசிம் அக்ரமிடம் பிடி கொடுத்தார். எஞ்சிய மூவரும் நான்கு ரன்கள் சேர்வதற்குள் வெளியேறினர். பன்னிரண்டு ரன்களில் தோல்வி.

சேப்பாக்கத்தில் இருந்த மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? எழுந்து நின்று, வென்ற அணிக்குக் கைதட்டினார்கள். பாகிஸ்தான் அணியினர் மைதானத்தைச் சுற்றி வந்து அந்தக் கைதட்டலை ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் எங்கள் தெருவிலோ மறுநாள் முழுவதும் ஒரே பேச்சுத்தான்: "பதினேழு ரன்னுக்கு என்ன அவசரம்? நிதானமாக ஆடியிருக்கக் கூடாதா?"

சிந்தித்துப் பாருங்கள். 1999இல் துணிந்து அடித்ததால் தோற்றோம் என்றோம். 2019இல் துணியாததால் தோற்றோம் என்றோம். இரண்டையும் சொன்னது ஒரே வாய்தான். சச்சினின் அந்த அடி எல்லைக்கோட்டைத் தாண்டியிருந்தால் வீரம் என்று போற்றியிருப்போம். கப்டிலின் எறி ஸ்டம்பில் படாமல் போய், இந்தியாவும் வென்றிருந்தால், தோனியைப் பின்னுக்கு வைத்திருந்ததைத் தொலைநோக்கு என்று பாராட்டியிருப்போம். முடிவு தெரிந்த பிறகு தீர்மானத்தை எடைபோடுவது எளிது. தீர்மானிப்பவனுக்கோ முடிவு தெரியாது.

இதை நான் புத்தகத்தில் படித்துக் கற்கவில்லை. ஒரு சிறுவனை வருத்தப்படுத்திக் கற்றேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், அரையாண்டுத் தேர்வு விடுமுறை. எங்கள் மாலை மதரஸாவின் பிள்ளைகள் பக்கத்துத் தெருப் பிள்ளைகளோடு டென்னிஸ் பந்தில் பன்னிரண்டு ஓவர் போட்டி ஒன்றுக்கு ஏற்பாடு செய்தார்கள். பெரியவர் ஒருவர் பொறுப்பாக உடனிருக்க வேண்டும் என்பதால், "ஹஜ்ரத், நீங்கதான் எங்க கோச்" என்று என்னை நியமித்துவிட்டார்கள். எதிரணி 86 ரன்கள் எடுத்தது. ஒன்பது ஓவர்கள் முடிந்தபோது எங்கள் பிள்ளைகள் ஆறு விக்கெட்டுகளை இழந்து 65 ரன்கள் எடுத்திருந்தனர். பதினெட்டுப் பந்துகளில் 22 ரன்கள் வேண்டும்.

பத்தாவது ஓவரை அவர்களுடைய வேகப்பந்து வீச்சாளன் வீச வந்தான். எங்கள் பக்கம் ஆடிக்கொண்டிருந்தவன் ஒன்பதாம் வகுப்பு மாணவன். ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகன். நான் எல்லைக்கோட்டருகே நின்று, "இந்த ஓவரில் அடிக்காதே. விக்கெட்டைக் காப்பாற்று. மிச்சத்தைக் கடைசி இரண்டு ஓவரில் பார்த்துக்கொள்ளலாம்" என்று அவனை அருகே அழைத்துச் சொன்னேன். அவன் தலையசைத்தான். சொன்னபடியே செய்தான். அந்த ஓவரில் மூன்று ரன்கள்தாம் வந்தன. அடுத்த ஓவரில் ஒன்பது. கடைசி ஓவரில் பத்து ரன்கள் தேவைப்பட, எட்டு வந்தன. ஒரே ஒரு ரன்னில் தோற்றோம். நான்கு விக்கெட்டுகள் கையில் மிச்சம்!

பிள்ளைகள் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். "டொக்கு வச்சே தோக்கடிச்சிட்டான்" என்றான் ஒருவன். அன்று மாலைக்குள் அவனுக்கு 'டொக்கு' என்றே பெயர் விழுந்துவிட்டது. அவன் ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்தான். என் வாய் திறக்கவில்லை. சிறு பிள்ளைகளின் சண்டை, தானே ஓய்ந்துவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, பாயைச் சுருட்டுவது போல் அந்த விஷயத்தைச் சுருட்டி வைத்துவிட்டேன். உண்மையில், மாணவர்களுக்கு முன் என் மதிப்புக் குறைந்துவிடுமே என்ற அச்சம்தான் என் வாயை அடைத்தது.

மறுநாள் அவன் பாடத்துக்கு வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. அவனுடைய தந்தை வழியில் கண்டு ஆட்டோவை நிறுத்தி, "பையனுக்கு டியூஷன் இருக்குன்னு சொல்றான், ஹஜ்ரத்" என்றார். நான் "சரி" என்றேன். அது டியூஷன் அல்ல என்பது எனக்குத் தெரியும்.

குளிர்காலத்தில் இப்பகுதிக்கு வெளிநாட்டினர் மிகுதியாக வருவார்கள். அந்த ஜனவரியில் தேநீர்க் கடையில் முதிய அமெரிக்கர் ஒருவர் எனக்கு அறிமுகமானார். தாம் படித்த கல்லூரியின் அணி புத்தாண்டையொட்டி மிகச் சிறிய வித்தியாசத்தில் தோற்றுவிட்டதாகவும், நண்பர்கள் எல்லோரும் பயிற்சியாளரைத் திட்டித் தீர்ப்பதாகவும் சொன்னார். அவர்கள் கால்பந்து என்பது நம் கால்பந்து அன்று; பந்தைக் கையில் ஏந்தி ஓடும் முரட்டு ஆட்டம். பத்து கெஜம் முன்னேற ஓர் அணிக்கு நான்கு வாய்ப்புகள் தரப்படும். மூன்று வாய்ப்புகளிலும் அந்தத் தூரத்தைக் கடக்காவிட்டால், நான்காவதில் துணிந்து முயலலாம். அல்லது பந்தைத் தொலைவாக உதைத்து எதிரணியிடம் ஒப்படைத்துவிடலாம். முயன்று தவறினால் பந்து அந்த இடத்திலேயே எதிரணிக்குப் போய்விடும். ஆகவே பயிற்சியாளர்கள் பெரும்பாலும் உதைக்கவே சொல்வார்களாம்.

கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் டேவிட் ரோமர் என்பவர், அந்நாட்டுத் தொழில்முறை அணிகளின் ஆட்டங்களைக் கணக்கிட்டு 2006ஆம் ஆண்டு ஓர் ஆய்வு வெளியிட்டார். துணிந்து முயல்வதே வெற்றி வாய்ப்பைக் கூட்டும் என்று கணக்குச் சொல்லும் பல இடங்களிலும் அணிகள் உதைப்பதையே தேர்ந்தன என்பது அவர் கண்ட முடிவு. அதை எனக்கு எடுத்துச் சொன்ன பெரியவரிடம், "ஏன் அப்படி?" என்று கேட்டேன்.

அவர் தேநீர்க் குவளையை வைத்துவிட்டுச் சொன்ன பதிலின் கருத்து இது: "துணியச் சொல்லித் தோற்றால், பழி சொன்னவன் மீது விழும். அடக்கி ஆடச் சொல்லித் தோற்றால், ஆடியவர்கள் சரியாக ஆடவில்லை என்று பழி அவர்கள் மீது விழும். பல பயிற்சியாளர்கள் தோல்விக்கு அஞ்சுவதில்லை. பழிக்குத்தான் அஞ்சுகிறார்கள்."

வாசகர்களே, அதற்கு மேல் தேநீர் எனக்கு இறங்கவில்லை. 2019இல் அதே பெஞ்சில் நான் சொன்ன வாக்கியம் என் எதிரே வந்து அமர்ந்துகொண்டது. என் தீர்மானம் சரியா தவறா என்பது பெரிதன்று. வேகமாக வீசுபவனின் ஓவரைக் கடத்திவிடுவது சில நேரம் நல்ல யோசனையே. ஆனால் யோசனை என்னுடையது, பெயர் மட்டும் அந்தப் பிள்ளைக்கு. அதுதான் பிழை.

மான்செஸ்டர் தோல்விக்குப் பின் நடந்ததையும் அப்போது எண்ணிப் பார்த்தேன். தோனியை ஏழாவதாக அனுப்பியது யார் என்ற கேள்வி எழுந்தபோது, பலருடைய விரலும் பேட்டிங் பயிற்சியாளர் சஞ்சய் பங்காரை நோக்கி நீண்டது. ஆனால் தலைமைப் பயிற்சியாளர் ரவி சாஸ்திரி, அது அணி முழுவதும் சேர்ந்து எடுத்த முடிவு என்றும், தோனி முன்னதாக வந்து ஆட்டமிழந்திருந்தால் துரத்தலே முடிந்திருக்கும் என்றும் வெளிப்படையாகக் கூறினார். அவருடைய காரணத்தை ஏற்பதும் மறுப்பதும் நம் விருப்பம். ஆனால் காரணத்தைச் சொன்னார். பழியை ஓர் ஆள்மீது இறக்கிவைக்கவில்லை. அந்த அளவுகூட நான் செய்யவில்லையே!

அன்று மாலையே அந்தப் பிள்ளையின் வீட்டுக்குச் சென்று, மறுநாள் ஒருமுறை வந்து போகுமாறு அழைத்தேன். அஸருக்குப் பின் எல்லா மாணவர்களையும் உட்கார வைத்து, "பத்தாவது ஓவரில் அடிக்காதே என்று சொன்னது நான். அவன் என் சொல்லைக் கேட்டான். தோற்றதற்குப் பெயர் வைப்பதானால் எனக்கு வையுங்கள்" என்றேன். சற்று நேரம் ஓசையே இல்லை. பின்வரிசையில் இருந்த சிறியவன் ஒருவன் எழுந்து, "அப்ப அன்னைக்கே ஏன் சொல்லல, ஹஜ்ரத்?" என்று கேட்டான்.

இருபது ஆண்டுகளாகப் பாடம் நடத்துகிறேன். அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. "தவறுதான்" என்று மட்டும் சொன்னேன்.

நம் குடும்பங்களிலும் இது நாள்தோறும் நடக்கிறதன்றோ? எந்தப் படிப்பில் சேர்வது, எந்த வேலைக்குப் போவது, எங்கே பெண் கொடுப்பது என்று தீர்மானிப்பவர்கள் நாம். பத்திரமான வழி என்று நாம் நினைப்பதையே காட்டுகிறோம். அதில் பெரும்பாலும் அன்புதான் இருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த வழி முட்டுச் சந்தில் முடிந்தால், "உனக்குச் சாமர்த்தியம் போதாது" என்று பிள்ளையைப் பார்த்தே சொல்லிவிடுகிறோம். மஷூரா சொல்பவர் அதன் விளைவிலும் பங்கு ஏற்க வேண்டும். ஏற்கத் துணிவில்லாதவர், சொல்லாமல் இருப்பதே நன்று.

அந்த மாணவன் மீண்டும் வரத் தொடங்கினான். கோடை விடுமுறையில் மறுபடியும் ஒரு போட்டி. அதே போன்ற நெருக்கடி. அவன் எல்லைக்கோட்டருகே ஓடி வந்து, "அடிக்கவா, நிறுத்தவா ஹஜ்ரத்?" என்று கேட்டான். "உன் கண்ணுக்குப் படுவதைச் செய். யாராவது கேட்டால் நான் சொன்னதாகச் சொல்" என்றேன். அவன் சிரித்துக்கொண்டே ஓடினான். இரண்டாவது பந்திலேயே தூக்கி அடித்து ஆட்டமிழந்தான்.

அந்த ஆட்டத்திலும் நாங்கள் தோற்றோம். ஆனால் மறுநாள் மாலை, எல்லோருக்கும் முன்னதாகப் பாடத்துக்கு வந்து அமர்ந்திருந்தவன் அவன்தான்.