மட்டாஞ்சேரியோடு திரும்பிவிடாதீர்கள்

கொச்சிக்குப் போகிறவர்கள் மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டப்பட்ட பரதேசி ஜெப ஆலயத்தைப் பார்க்காமல் வருவதில்லை. சீனாவிலிருந்து வந்த நீல ஓடுகள் பதித்த தரை, மணிக்கூண்டு, தொங்கும் விளக்குகள் என்று கண்ணுக்கு விருந்துதான். ஆனால் கேரள யூதர்களின் கதையில் அது ஒரு பகுதி மட்டுமே.

'பரதேசி' என்பது ஸ்பெயின் முதலிய நாடுகளிலிருந்து பின்னாளில் வந்தவர்களுக்கு வழங்கிய பெயர். அவர்களுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இங்கு வேரூன்றியவர்கள் மலபார் யூதர்கள். சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் சுமார் கி.பி. 1000இல் யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்கு 72 உரிமைகள் வழங்கிய செப்பேடு வட்டெழுத்தில் உள்ளது. சேந்தமங்கலத்தில் 1269ஆம் ஆண்டின் ஹீப்ரு கல்லறைக் கல் இருக்கிறது.

வெளியே மன்னர்கள் ஆதரித்தார்கள், உள்ளேயோ பாகுபாடு. விடுதலை பெற்ற அடிமைகளின் வழிவந்தவர்களுக்குப் பரதேசி ஆலயத்தில் சம உரிமை மறுக்கப்பட்டது. அதை எதிர்த்து ஏ.பி. சேலம் என்ற வழக்கறிஞர் காந்திய வழியில் போராடினார். சாதி எந்த மதத்துக்குள்ளும் நுழைந்துவிடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

1950களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தார்கள். துரத்தப்பட்டுப் போகவில்லை, விரும்பியே போனார்கள். கொச்சி கடவும்பாகம் ஆலயத்தின் மரவேலைப்பாடுகள் இன்று ஜெருசலேம் அருங்காட்சியகத்தில் உள்ளன. பரவூர், சேந்தமங்கலம் ஆலயங்கள் அருங்காட்சியகங்களாகிவிட்டன.

அடுத்தமுறை கொச்சி போனால் அரை நாள் ஒதுக்கி இந்த இரண்டு ஊர்களுக்கும் போய் வாருங்கள். பழைய சேரத் துறைமுகமான முசிறியின் சுற்றுவட்டாரம்தான், நமக்கும் சொந்தமான வரலாறு.