டி டிரைவ்

கம்பெனிக்காரன் லேப்டாப்போடு ஏற்றி அனுப்பும் மென்பொருள்கள் எனக்கு ஆகாது. மாதம் கழிந்ததும் பணம் கேட்கும் ஆன்டிவைரஸ், பிரவுசரில் ஒட்டிக்கொள்ளும் டூல்பார், யாரும் கேட்காத போட்டோ ஆல்பம். 2015 பிப்ரவரியில் லெனோவோ லேப்டாப்களில் இருந்த சூப்பர்ஃபிஷ் விவகாரம் வெடித்தது. பாதுகாப்பான இணையப் பக்கங்களுக்குள்ளும் புகுந்து விளம்பரம் காட்ட, அது தன் சொந்தச் சான்றிதழையே விண்டோஸுக்குள் வைத்திருந்தது. பார்த்தீர்களா, நான் அப்போதே சொன்னேனே என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். எனக்குத் தலைக்கனம் ஏறியது அப்போதுதான்.

அந்த வருடக் கடைசியில், எங்கள் தெருவில் டி.டி.பி. வேலை செய்யும் அக்கா தன் லேப்டாப்பைக் கொண்டுவந்தார். அது வேறு கம்பெனி. விண்டோஸ் 10 வந்துவிட்டிருந்தாலும் அவருக்குப் பழைய 7 போதும். பேஜ்மேக்கர் அதில்தான் கைப்பழக்கம். "ரொம்ப ஸ்லோவா இருக்கு தம்பி. எல்லாம் டி டிரைவ்லதான் இருக்கு, பாத்துக்கங்க" என்றார். "தெரியும்க்கா" என்றேன்.

ரெக்கவரி பார்டிஷனிலிருந்து விண்டோஸை மறுபடி ஏற்றினால் கம்பெனிக் குப்பையும் சேர்ந்து திரும்பிவரும். எனக்கு அது கௌரவக் குறைச்சல். அடியில் ஒட்டியிருந்த 25 எழுத்து புராடக்ட் கீயைக் குறித்துக்கொண்டு வெறும் விண்டோஸ் 7 டிவிடியைப் போட்டேன்.

அந்தத் திரையில் சி, டி என்ற எழுத்துகள் வராது. பார்டிஷன் 1, 2, 3 என்று எண்களும் அளவுகளும்தான் இருக்கும். நிதானமாகப் படித்தால் எது எது என்று புரியும். நான் படிக்கவில்லை. மேலிருந்து ஒவ்வொன்றாக டெலீட் கொடுத்தேன். ஒவ்வொரு முறையும் எச்சரிக்கை வந்தது. ஒவ்வொரு முறையும் ஓகே. டிஸ்க் முழுக்கக் காலியானதைப் பார்த்துத் திருப்தியும் பட்டேன். பிறகுதான் டி ஞாபகம் வந்தது.

பார்டிஷனை டெலீட் செய்த உடனே கோப்புகள் அழிவதில்லை. அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற குறிப்புதான் போகிறது. டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச மென்பொருளால் அதை மீட்கலாம். இது எனக்கு அன்றே தெரியும். மெஷினை அணைத்துவிட்டு அக்காவுக்கு போன் போட்டிருக்க வேண்டும். பயந்தேன். அவர் திட்டுவார் என்றல்ல. தெருவில் என் பேர் கெட்டுவிடுமே என்று. நெக்ஸ்ட் அழுத்தி விண்டோஸை அதன் மேலேயே ஏற்றினேன்.

"ஹார்ட் டிஸ்க்கே போற நிலைமைலதான்க்கா இருந்துச்சு" என்று மறுநாள் சொன்னேன். பொய். கடையில் காட்டிப் பார்க்கலாமா என்று கேட்டார். "எங்க குடுத்தாலும் ஒண்ணும் வராதுக்கா, காசுதான் வேஸ்ட்." அதுவும் பொய். டியில் இருந்ததில் பெரும்பகுதியை அப்போதும் மீட்டிருக்கலாம். ஆனால் கடைக்காரர் பார்த்தால் டிஸ்க் நன்றாக இருப்பது தெரிந்துவிடும். அதனால் தடுத்தேன். முதலில் செய்தது அலட்சியம். இதைத் தெரிந்தே செய்தேன்.

போனவற்றில் ஒன்று, பாதி முடிந்திருந்த கும்பாபிஷேக மலர். தேதியைத் தள்ள முடியாது. அக்கா இரவெல்லாம் உட்கார்ந்து மறுபடி டைப் செய்தார். ஒரு பெரியவர் கோயிலைப் பற்றி எழுதிக்கொடுத்த கட்டுரையின் கையெழுத்துப் பிரதியை, புரூஃப் பார்த்ததும் கிழித்துப் போட்டிருந்தார்கள். மலரில் அது வரவில்லை. "காப்பி எடுத்து வெக்காதது என் தப்புதான்" என்று அக்கா கமிட்டிக்காரர்களிடம் சொன்னபோது நான் பக்கத்தில்தான் நின்றேன்.

ஒரு கோளாறும் இல்லாத டிஸ்க்கைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கினார். மாட்டிக்கொடுத்ததும் நானே. 500 ரூபாய் கூலி கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.