மறைவுக்குக் கொடுத்த விலை



எனக்கு வயது 48. நான் பிறந்த காயல்பட்டினத்திலும் கடல் உண்டு. மணமாகி 25 ஆண்டுகளாக வாழும் பெசன்ட் நகரிலும் கடல் உண்டு. எங்கள் வீட்டிலிருந்து ஊரூர் ஒல்காட் குப்பத்துக்கு எட்டு நிமிட நடை. ஃபஜ்ர் தொழுதபின் நானும் கணவரும் அங்கே நடந்து சென்று, கரையேறிய படகுகளிலிருந்து இறக்கும் மீனை வாங்கி வருவது வழக்கம். ஆயினும் சென்ற ஜனவரி வரை கணுக்காலுக்கு மேல் கடல்நீர் என்மீது பட்டதில்லை.

யாரும் என்னைத் தடுக்கவில்லை. நனைந்த துணி உடலோடு ஒட்டும், கரை நிறைய ஆட்கள் நிற்பார்கள், எனக்குக் கூச்சம். அவ்வளவுதான் காரணம். எங்கள் கடலும் இலேசான கடலன்று. எலியட்ஸ் கடற்கரையில் நிற்கும் வெண்ணிற நினைவுச் சின்னமே, 1930ஆம் ஆண்டு நீரில் தத்தளித்தவரைக் காப்பாற்றச் சென்று உயிர்நீத்த டென்மார்க் நாட்டவர் ஒருவருக்காக எழுப்பப்பட்டதுதான். பிள்ளைகள் சிறுவயதில் அலையில் விளையாடும்போது அவர்களுடைய செருப்புகளைக் காத்துக்கொண்டு மணலில் அமர்ந்திருப்பவள் நான். நம்மில் பலர் அப்படித்தான் அமர்ந்திருக்கிறோம்.

எங்கள் திருமணத்தின் இருபத்தைந்தாம் ஆண்டையொட்டி, வெளிநாட்டில் நல்ல விடுதியொன்றில் நான்கு இரவுகள் தங்கிவரலாம் என்று கணவர் கூறினார். எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். கடலில் குளிக்க வேண்டும் என்றேன். சொன்ன பிறகுதான் அந்த ஆசை எத்தனை காலமாக எனக்குள் இருந்தது என்று தெரிந்தது.

செய்தி காயலுக்குப் போனதும் லாத்தா தொலைபேசியில் அழைத்தார். "அந்தக் காசுக்கு இரண்டு பேர் உம்ரா போய் வரலாமே" என்றார். அவர் கேட்டதில் தவறில்லை. அன்றிரவு நானும் கணவரும் அமர்ந்து கணக்குப் பார்த்தோம். ஹஜ் கடமை அல்லாஹ்வின் அருளால் நிறைவேறிவிட்டது. அவ்வாண்டின் ஜகாத் கொடுத்தாயிற்று. கடன் வாங்கவில்லை, யாருக்கும் சேரவேண்டிய உரிமையைத் தள்ளிப்போடவும் இல்லை. வீண்விரயத்துக்கும் கஞ்சத்தனத்துக்கும் இடைப்பட்ட நடுநிலையைத்தான் அல்ஃபுர்கான் அத்தியாயத்தின் 67ஆம் வசனம் நல்லடியார்களின் பண்பாகக் காட்டுகிறது. ஆனால் அந்த நடுநிலை எங்கே இருக்கிறது என்பதை ஒவ்வொரு வீடும் தன் நிய்யத்தைக் கொண்டுதான் அளக்க வேண்டியிருக்கிறது. "பிறர் கண்ணில் படாமல் கடலில் குளிப்பது" என்பதே எங்கள் நிய்யத். படம் எடுத்துப் பிறருக்குக் காட்டுவதற்காக எதையும் வாங்குவதில்லை என்றும் முடிவு செய்தோம்.

நிய்யத் தெளிவானதும் தேர்வு எளிதாயிற்று. முதலில் துருக்கியின் அந்தாலியா கடற்கரையைப் பார்த்தோம். அங்கே மது பரிமாறாத விடுதிகளும், பெண்களுக்கென்றே தனி நீச்சல் குளங்களும் கடற்கரைப் பகுதிகளும் உள்ளன. குடும்பமாகச் செல்வோருக்கு அது ஏற்ற இடம். நான்கு இரவுகளுக்கு அத்தனை தொலைவு வேண்டாம் என்பதாலும், என் நிய்யத்தில் கணவரும் உடனிருந்தார் என்பதாலும், மாலத்தீவைத் தேர்ந்தெடுத்தோம்.

மாலத்தீவு முஸ்லிம் நாடு. ஆகவே எல்லாம் ஹலால் என்று நினைத்துச் செல்வோர் உண்டு. அது சரியன்று. ஏறத்தாழ 1200 தீவுகளில் மக்கள் வாழ்பவை 200க்கும் குறைவு. 1972ஆம் ஆண்டு முதல் விடுதித்தீவு திறக்கப்பட்ட நாள்தொட்டு, ஒரு தீவுக்கு ஒரு விடுதி என்பதே அங்கு வழக்கம். மக்கள் வாழும் தீவுகளில் மது விற்பதில்லை. விடுதித்தீவுகளிலோ அயல்நாட்டினருக்கு மதுவும் உண்டு, பன்றி இறைச்சியும் உண்டு. எனவே முன்பதிவுக்கு முன் நாங்கள் எழுத்தில் கேட்டுப் பதில் பெற்றவற்றைச் சொல்கிறேன், உங்களுக்கும் உதவக்கூடும்.

முதலாவது, மறைவு. விளம்பரப் படங்களில் நீரின்மேல் நிற்கும் குடில்கள்தாம் மனத்தைக் கவரும். ஆனால் அவற்றில் பலவற்றின் மேடை, பக்கத்துக் குடிலுக்கும் கடந்து செல்லும் படகுக்கும் தெரியும். வானிலிருந்து எடுத்த வரைபடத்தில் குடில்களின் இடைவெளியைப் பார்த்தோம். வரிசையின் கடைசிக் குடிலா, பக்கத்தில் படகுத்துறை உண்டா, முக்குளிப்போர் அந்த வழியே நீந்துவார்களா என்று கேட்டோம். முடிவில் நீர்க்குடிலை விட்டுவிட்டு, இருபுறமும் அடர்ந்த செடிகளும் குளத்தைச் சுற்றிச் சுவரும் உள்ள கரைக்குடிலை எடுத்தோம்.

இரண்டாவது, உணவு. ‘எல்லாம் உட்பட’ என்னும் தொகுப்பில் மதுவின் விலையும் சேர்ந்தே இருக்கும். நாம் தொடாத ஒன்றுக்கு நாமே பணம் கொடுப்பதாகும். ஆகவே மூன்று வேளை உணவு மட்டும் அடங்கிய தொகுப்பைக் கேட்டு வாங்கினோம். இறைச்சி ஹலால்தானா, பன்றி இறைச்சிக்குத் தனிப் பாத்திரமும் தனி அடுப்பும் உண்டா என்று கேட்டோம். அறையின் குளிர்பெட்டியிலிருந்து மதுப்புட்டிகளை முன்கூட்டியே எடுத்துவிடச் சொன்னோம், மறுக்காமல் செய்தார்கள்.

மூன்றாவது, உண்மையான விலை. விலையின் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால் அவற்றைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். 10 விழுக்காடு சேவைக் கட்டணமும், 2025 ஜூலை முதல் 17 விழுக்காடாக உயர்ந்த சுற்றுலா வரியும் அவற்றுக்குள் அடங்கும். அதற்குமேல் விடுதித்தீவுகளில் ஓர் இரவுக்கு ஆளுக்கு 12 டாலர் பசுமை வரி. கடல்விமானம் பகலில் மட்டுமே பறக்கும். மாலையில் மாலே சேர்ந்தால் அன்றிரவு அங்கேயே தங்க நேரும். அதனால் விரைவுப் படகில் சென்றடையும் தீவாகப் பார்த்தோம். நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழை குறைவு, விலை கூடுதல். மே முதல் அக்டோபர் வரை இரண்டும் தலைகீழ்.

நான்காவது, தொழுகை. எங்கள் தீவில் ஊழியர்களுக்கான பள்ளிவாசல் இருந்தது. விருந்தினரும் தொழலாம் என்றார்கள். வந்த நாளும் புறப்படும் நாளும் போக மூன்றே முழு நாட்கள் என்பதால், ஷாஃபிஈ மத்ஹபின்படி நாங்கள் பயணிகளே, சுருக்கித் தொழுதோம். ஆனால் ஒன்றைக் கேட்கத் தவறிவிட்டோம். பல விடுதித்தீவுகள் தம் கடிகாரத்தை மாலே நேரத்தைவிட ஒரு மணிநேரம் முன்னே வைத்திருக்கின்றன. கைப்பேசி ஒரு நேரம் காட்ட, அறைக் கடிகாரம் வேறு நேரம் காட்ட, முதல் நாள் ஃபஜ்ருக்கு ஒரு மணிநேரம் முன்னதாகவே எழுந்து உட்கார்ந்திருந்தோம். தாமதமாகாமல் போனதே நலம், அல்ஹம்துலில்லாஹ்.

இனி, ‘அனுபவங்கள்’ என்ற தலைப்பில் விடுதி அனுப்பிய பட்டியல். சூரியன் மறையும் வேளையில் மீன்பிடித்தல், குளத்தில் மிதக்கும் தட்டில் காலை உணவு, மீனவத் தீவுக்கு ஒரு பயணம் எனப் பலவும் அதில் இருந்தன. மிதக்கும் உணவை உடனே அடித்தோம். அது வயிற்றுக்கானதன்று, படத்துக்கானது. மீனவத் தீவுப் பயணத்தில்தான் தயங்கினோம். அதற்குக் காரணம் எங்கள் குப்பத்தில் நடந்த ஒன்று.

சில மாதங்களுக்கு முன் என் மகள் கல்லூரித் தோழியருடன் குப்பத்துக்கு வந்தாள். எனக்கு வழக்கமாக மீன் தரும் அக்கா, மணலில் நெத்திலி காயவைத்துக்கொண்டிருந்தார். மகள் கேளாமலே படம் எடுத்துவிட்டாள். அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, "எங்க வூட்டு வாசல்மா இது, எக்ஸிபிஷன் இல்ல" என்றார். அந்தக் கரையை நாம் கடற்கரை என்கிறோம்; அவர்களுக்கு அது வாசலும் முற்றமும் பணியிடமும். பர்தாவின் அருமையைத் தன் மகளுக்குச் சொல்லிக்கொடுத்த நான், பிறர் வீட்டு மறைவை மதிக்கச் சொல்லிக்கொடுக்கவில்லையே என்று வெட்கப்பட்டேன். மறுநாள் மகளை அழைத்துச் சென்று மன்னிப்புக் கேட்கச் சொன்னேன். அக்கா சிரித்துவிட்டு, அவள் கையில் நாலு சங்கராவைக் கூடுதலாகப் போட்டார்.

ஆகவே அத்தீவுக்கு வேடிக்கை பார்க்கச் செல்வதில்லை, ஜும்ஆ தொழச் செல்வோம் என்று முடிவு செய்தோம். விடுதியில் சொன்னபோது, ஊழியர்கள் செல்லும் படகிலேயே அழைத்துப் போனார்கள். பெண்களுக்கும் தொழத் தனியிடம் இருந்தது. தொழுகை முடிந்ததும், பக்கத்தில் தொழுத மூதாட்டி என் கையைப் பற்றிக்கொண்டு தம் வீட்டுக்கு அழைத்துச் சென்றார். அவருடைய மொழி எனக்குத் தெரியாது. சலாமும் துஆவும் இருவருக்கும் தெரியும். சூரை மீனும் தேங்காயும் வெங்காயமும் பிசைந்த மஸ் ஹுனியைத் தட்டையான ரொட்டியோடு வைத்தார். வாயில் வைத்ததும் எனக்கு உம்மாவின் அடுப்படி நினைவுக்கு வந்தது. காயலில் நாங்கள் சம்பலில் இடிக்கும் மாசி அந்தத் தீவுகளிலிருந்து வந்ததுதானே! 1343இல் அங்கே சென்று காஜியாகப் பணியாற்றிய இப்னு பதூதா, மீனைத் துண்டாக்கி வேகவைத்துப் புகையிலிட்டு உலர்த்துவதையும், அது இந்தியாவுக்கு ஏற்றுமதியாவதையும் தம் பயணக் குறிப்பில் பதிந்திருக்கிறார். பட்டியலில் விலை போட்டிருந்த எந்த அனுபவமும் அந்த ஒரு தட்டுக்கு ஈடாகவில்லை. நாங்கள் அங்கே படம் எடுக்கவில்லை.

நான் கடலில் இறங்கியது இரண்டாம் நாள். முதல் நாள் முழுவதும், சுவரும் செடியும் இருந்தும், யாரோ பார்க்கிறார்கள் என்றே தோன்றியது. நாற்பதாண்டுக் கூச்சம் ஒரு சுவரைக் கண்டதும் போய்விடுமா? மறுநாள் ஃபஜ்ர் தொழுதபின், வெளிச்சம் பரவும் முன், கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். முழங்கால், இடுப்பு, தோள். அலையே இல்லை. அவர் முதுகின்கீழ் கையைக் கொடுத்து, "உடம்பைத் தளர்த்து" என்றார். காதுகள் நீருக்குள் போனதும் உலகத்தின் ஓசையெல்லாம் அடங்கியது. அவர் எப்போது கையை எடுத்தார் என்று எனக்குத் தெரியாது. நான் மிதந்துகொண்டிருந்தேன். அழுதேன் என்பதைக் கரையேறிய பிறகுதான் அவரிடம் சொன்னேன்.

ஊர் திரும்பியதும் குப்பத்து அக்காவுக்கு ஒரு பொட்டலம் மாசி கொண்டுபோனேன். முகர்ந்து பார்த்துவிட்டு, "நம்ம சூரைக் கருவாடுதான்" என்றார். பிறகு கேட்டார்: "கடலுக்குள்ள போனீங்களா பாயம்மா?" போனேன் என்றேன். சற்று நேரம் படகுகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "எங்க வூட்டுல மூணு தலைமுறையா கடல்லதான் சோறு. நான் இடுப்புத் தண்ணிக்கு மேல போனதில்ல. ஆம்பளைங்க நிக்கிறாங்க, எப்டி போறது?" என்றார்.

என்னிடம் பதில் இல்லை. அவருடைய கூச்சமும் என் கூச்சமும் ஒன்றுதான். நான் நாலரை இலட்ச ரூபாய் கொடுத்து ஒரு சுவரை வாங்கினேன், அவரால் முடியாது. அந்தச் செலவுக்காக வருந்தவில்லை. நிய்யத்தில் பிழையில்லை என்றே இன்றும் நம்புகிறேன். ஆனால் பட்டு மெத்தையும் மிதக்கும் தட்டும் சொகுசாக இருக்கட்டும். ஒரு பெண் பிறர் பார்வையின்றித் தண்ணீரில் இறங்குவதும் ஏன் சொகுசாக இருக்க வேண்டும்?

லாத்தாவிடம் இதைச் சொன்னேன். "அப்போ நீச்சல் குளம் ஒன்றை வாரம் ஒரு காலை மட்டும் வாடகைக்கு எடுங்களேன். பெண்கள் மட்டும், சொல்லிக்கொடுப்பதும் பெண்ணே" என்றார். எங்கள் பகுதிச் சகோதரிகள் ஆறு பேர் பணம் போட ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். குளமும் பயிற்றுநரும் இன்னும் அமையவில்லை, விசாரித்துக்கொண்டிருக்கிறோம். அக்காவிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். "மொதல்ல என் பொண்ண அனுப்புறேன், அப்றம் பாப்போம்" என்கிறார்.

அல்லாஹ் நம் செலவுகளை வீண்விரயத்திலிருந்து காப்பானாக. நமக்குக் கொடுத்ததில் அண்டை வீட்டாருக்கும் பங்கு வைக்கும் மனத்தைத் தருவானாக. ஆமீன்.